கீழே கடை, மேலே வீடு: தடை எங்கே இருக்கிறது?

கேள்வி: பாளையங்கோட்டைக்குத் தெற்கே புது மனைப்பிரிவு ஒன்றில் எங்களுக்கு ஐந்து செண்ட் மனை இருக்கிறது. ஒரு தீப்பெட்டி வாங்கக்கூட வண்டியை எடுத்துக்கொண்டு பெருமாள்புரம் வரை போக வேண்டியிருக்கிறது. கீழே பலசரக்குக் கடையும் டாக்டர் உட்கார ஓர் அறையும், மேலே இரண்டு வீடும் கட்ட நினைத்தோம். “இது குடியிருப்புப் பகுதி, கடைக்கு அப்ரூவல் கிடைக்கவே கிடைக்காது” என்கிறார் பிளான் போடுகிறவர். டவுனில் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறதே, எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நியாயமான கேள்வி அம்மா. நெல்லையப்பர் கோவிலைச் சுற்றியுள்ள ரத வீதிகள் சட்டத்தைப் பார்த்து உண்டானவை அல்ல. நம்முடைய நகர் ஊரமைப்புச் சட்டமே 1971-இல்தான் வந்தது. கீழே வியாபாரம், மேலே குடித்தனம் என்ற வழக்கம் அதற்குப் பல தலைமுறை முந்தியது. புதிதாகப் போடுகிற மனைப்பிரிவுக்குத்தான் வீடு தனி, கடை தனி, தொழிற்சாலை தனி என்று வரைபடத்தில் நிறம் பிரிக்கிறார்கள். ஆலைப் புகை வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகப் பிரித்தது சரி, ஆனால் அதே கோடு அண்ணாச்சி கடையையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

“கிடைக்கவே கிடைக்காது” என்று அவர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று இரண்டு வகை உண்டு. கலப்பில் கடைக்குத் தாராளமாகவே இடம் இருக்கிறது, முதன்மையிலும் சிறிய அளவில் சில தொழில்களை அனுமதிக்கிறார்கள். உங்கள் சர்வே எண் எதில் வருகிறது என்பதை உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் பிளான் போடச் சொல்லுங்கள். மனைப்பிரிவு வரைபடத்தையும் ஒரு தடவை விரித்துப் பாருங்கள், பல மனைப்பிரிவுகளில் ‘கடை மனை’ என்றே ஒன்றிரண்டு ஒதுக்கியிருப்பார்கள்.

வகை சரியாக அமைந்தாலும் உண்மையான இடைஞ்சல் வண்டி நிறுத்தும் இடத்தில்தான் வரும். ஐந்து செண்ட் என்றால் ஏறக்குறைய 2,178 சதுரடி. முகப்பு 30 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஒதுக்கமாகக் காலி இடம் விட்டால் கட்டடத்துக்கு 20, 22 அடி அகலம் மிஞ்சும். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் பிளானில் காட்ட வேண்டும், அதாவது அகலமே எட்டடிக்குக் கொஞ்சம் மேல். முன்பக்கம் இரண்டு கார் காட்டினால் பதினாறரை அடி போயிற்று, கடைக்கு ஒரு சந்துதான் மிச்சம். வாசல் முழுக்கக் கார் நின்றால் எந்தக் கடைக்கு ஆள் வரும்? இத்தனைக்கும் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் நடந்தோ டிவிஎஸ் வண்டியிலோ வருகிற பக்கத்துத் தெருக்காரர்கள். பெரிய ஜவுளிக்கடைக்குப் போடுகிற கணக்கை நடந்து வாங்குகிற கடைக்கும் போட்டால் சின்ன மனையில் யாராலும் கட்ட முடியாது. அதனால்தான் வீட்டுக்கு என்று பிளான் வாங்கிவிட்டுக் கார் ஷெட்டில் ஷட்டர் போடுகிறார்கள். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். கடைக்குத் தனி மின் இணைப்பும் அதற்கான சொத்து வரியும் ஆரம்பத்திலேயே முறையாக இருந்தால்தான் பின்னால் நோட்டீஸ் வராது.

ஜப்பானில் மிகக் கண்டிப்பான குடியிருப்புப் பகுதியிலும் வீட்டோடு சேர்ந்த சிறு கடை வைக்கலாம். கடை 50 சதுர மீட்டருக்குள்ளும் கட்டடத்தில் பாதிக்குக் குறைவாகவும் இருந்தால் போதும். அளவைப் பார்க்கிற இப்படியொரு விதி நம்முடைய புது நகர்களுக்கும் தாராளமாக வேண்டும், அதுவும் பஸ் நிற்கிற முனைகளில் நாலைந்து கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு பால்வாடி, மேலே வாடகை வீடு என்று சேர்ந்தாற்போல அமைய வழி விட வேண்டும். வண்டி ஓட்டத் தெரியாத பெரியவர்கள் அங்கே எத்தனை பேர்! அவர்களை நினைத்தால் இது அவசரமான காரியம்.

கேள்வி: கடை வரட்டும் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எங்கள் தெருவில் முதலில் ஒரு டீக்கடை வந்தது, இப்போது வெல்டிங் பட்டறை, அடுத்து மண்டபம் வரப்போகிறதாம். ராத்திரி தூக்கமே இல்லை. கடையே வேண்டாம் என்று மனு போடலாமா?
- வாசகர், தியாகராஜ நகர்

பதில்: உங்கள் கஷ்டம் உண்மையானது, ஆனால் மூன்றையும் ஒரே மனுவில் கட்டிப்போட வேண்டாம். டீக்கடையால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமப்படுவீர்கள், அதிலேயே மனு பலம் இழந்துவிடும். பட்டறைக்கு என்ன உரிமம், எத்தனை மணி வரை வேலை என்று மாநகராட்சியில் கேளுங்கள். மண்டபத்துக்கு நில உபயோக மாற்றம் கேட்டால் பத்திரிகையில் அறிவிப்பு போட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அந்தக் கெடுவுக்குள் தெருக்காரர்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். தெருவின் அகலம் எத்தனை அடி, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, முகூர்த்த நாளில் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று அளவோடு எழுதுங்கள்.