53 வயதில் வேலையை விட்டுவிட்டு டூசானில் போய் இருந்துவிடலாமா?

உங்களுக்கு 53 வயது, கலிஃபோர்னியா வீட்டை விற்றுவிட்டு, வெயிலும் செலவுக் குறைவும் உள்ள அரிசோனாவின் டூசானுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம், நானும் அப்படி வந்தவன்தான். ஆனால் முடிந்தால் இன்னும் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இருங்கள்.

காரணம் 401கே, அதாவது வேலை பார்க்கும் நிறுவனம் வழியாக ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் கணக்கு. பொதுவாக 59½ வயதுக்கு முன் அதில் கை வைத்தால் வரியோடு 10 சதவீத அபராதமும் உண்டு. ஆனால் 55 வயது நிறையும் ஆண்டிலோ அதற்குப் பிறகோ வேலையை விட்டால், அந்த நிறுவனத்தின் 401கேயிலிருந்து அபராதம் இல்லாமல் எடுக்கலாம். ஐஆர்ஏ என்கிற, நாமே தனியாகத் தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. நான் 56 வயதில் வேலையை விட்ட கையோடு, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டுமே என்று மொத்தப் பணத்தையும் ஐஆர்ஏவுக்கு மாற்றிவிட்டேன். ஒரே ஒரு படிவம், சலுகை போச்சு! அப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் வங்கிச் சேமிப்பைக் கரைத்துத்தான் காலம் தள்ளினேன். உங்கள் நிறுவனத் திட்டம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க விடுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. மெடிகேர் என்கிற அரசுக் காப்பீடு 65 வயதில்தான். அதுவரை மார்க்கெட்பிளேஸ் என்கிற அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் காப்பீட்டுக்கு மானியம் கிடைக்குமா என்பது உங்கள் ஆண்டு வருமானத்தைப் பொறுத்தது. வழக்கமான 401கேயிலிருந்து எடுப்பது வருமானமாகவே கணக்காகும். வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் ஐஆர்ஏவில் நீங்கள் போட்ட அசலை எடுத்தால் அது வருமானக் கணக்கில் வராது. மாநில வருமான வரி இங்கே எல்லோருக்கும் 2.5 சதவீதம்தான், சோஷியல் செக்யூரிட்டி என்கிற அரசு ஓய்வூதியத்துக்கு அதுவும் இல்லை.

சரி, வெயில். டூசான் சுமார் 2,400 அடி உயரத்தில் இருப்பதால் ஃபீனிக்ஸ் அளவுக்குப் பொரிக்காது. ஆனாலும் ஜூனில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். நான் முதலில் வாடகைக்கு இருந்த பழைய வீட்டின் கூரையில் ஸ்வாம்ப் கூலர் இருந்தது. நம்மூர் ஏர்கூலரின் பெரியண்ணன். ஈரப் பட்டைகள் வழியே காற்றை இழுத்து வீட்டுக்குள் தள்ளும், வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிக்கிற அதே வித்தை. ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால் போதும், ஜூன் முழுக்க ராஜவாழ்க்கை. மின்கட்டணமும் கொஞ்சம்தான். ஜூலையில் மான்சூன் மழை வந்தது. காற்றே ஈரமாக இருந்தால் தண்ணீர் எங்கே ஆவியாகும்? உப்பு ஜாடிக்குள் கட்டி தட்டியது, படுக்கை விரிப்பு பிசுபிசுத்தது. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரியில் வந்து பார்த்தால் இந்த ஊர் யாருக்கும் பிடித்துவிடும். ஜூலையில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வீடு பார்க்கப் போகும்போது, கூரைமேல் இருக்கும் பெட்டி கூலரா ஏசியா என்று முதலில் கேளுங்கள். ஏசி என்றால் அது எத்தனை வருடப் பழசு என்பதையும் கேட்டுவிடுங்கள்.