‘இல்லாத’ குழு

கேள்வி: ‘ஸ்பிளாட்டூன் 3’ என்ற வீடியோ கேமில் வரும் ‘யோகோ அண்ட் த கோல்டு பஸூக்காஸ்’ என்னும் ஸ்கா இசைக்குழுவின் பாட்டுகளையே என் மகன் நாளெல்லாம் கேட்கிறான். உலகத்தில் இல்லாத ஒரு குழுவின் மேல் இவ்வளவு பற்று எதற்கு?
— வாசகி, சேலம்.

பதில்: ‘இல்லாத’ என்ற அந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு வழக்கு. கணவாய் மீன்கள் மனித உருக்கொண்டு வண்ண மையைப் பீய்ச்சிச் சண்டையிடும் அந்த ஜப்பானிய விளையாட்டில் யோகோ குழுவினர் வெறும் சித்திரங்கள்தான். ஆனால் உங்கள் மகனின் காலை ஆடவைப்பது சித்திரம் அல்ல, ஸ்கா என்ற ஜமைக்கா நாட்டுத் துள்ளிசை. அதை உண்டாக்கியவர்கள் ரத்தமும் சதையுமாக இருந்தார்கள்.

‘தக தக தக தக’ என்று சொல்லிக்கொண்டே ‘த’வில் மட்டும் காலைத் தட்டிப் பாருங்கள். உங்கள் கால் விழும்போது ஸ்கா கிட்டார் சும்மா இருக்கும். ‘க’ வரும்போது வாசிப்பவர் கம்பிகளைக் கீழிருந்து மேலாகச் சுண்டிவிட்டு, மறு கணமே இடக்கை விரல்களைத் தளர்த்தி ஒலியை அடக்கிவிடுவார். அந்தத் துள்ளலெல்லாம் இந்தச் சின்ன இடைவெளியில் இருக்கிறது.

இந்த இடைவெளியைக் கண்டெடுத்த ஊர் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டன். பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டி அமெரிக்க இசைத்தட்டுகளுக்கு ஊரையே ஆடவைத்தவர்கள், 1950களின் இறுதியில் உள்ளூர்க் கலைஞர்களை வைத்துத் தாங்களே பாட்டுகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் டிராம்போனும் டிரம்பெட்டும் ஊதியவர்களில் பலர், கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆல்ஃபா சிறுவர் பள்ளியில் வளர்ந்த, ஆதரவற்ற அல்லது ஏழை வீட்டுப் பையன்கள். சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்ற கன்னியர் அங்கே இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்து, பையன்களுக்குப் போட்டுக்காட்டிக் காதைப் பழக்கினார். 1964-ல் தொடங்கிய ‘ஸ்கேட்டலைட்ஸ்’ குழுவின் டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகிய நால்வரும் அந்தப் பள்ளியில் படித்தவர்களே.

இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் எழுதுவதை இப்போதும் எழுதுகிறேன்: வாசித்தவனின் பெயரை மறைப்பது அவனுடைய உழைப்பைத் திருடுவதாகும். கிங்ஸ்டன் கலைஞர்கள் பலருக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று கூலி மட்டுமே கிடைத்தது. தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும் அதில் பங்கு வரவில்லை. பாடகர் பெயர் அச்சான தட்டில், பின்னால் நின்று மூச்சைப் பிடித்து ஊதியவனின் பெயர் பெரும்பாலும் அச்சாகவில்லை. வரைந்த கணவாய்க்குக் குழுப்பெயரும் முகமும் கிடைத்திருக்கும்போது, அந்தக் கணவாய் வாசிக்கும் இசையைப் படைத்த பையன்களுக்கு அவை கிடைக்காமல் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே, அம்மா, மகனைத் தடுக்காதீர்கள். அவனுக்குப் பிடித்திருப்பது நல்ல இசை. ஜப்பானில் ஸ்காவுக்கு வேர் உண்டு. ‘டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா’ 1980களிலிருந்து இன்றுவரை அதை வாசித்துவருகிறது. விளையாட்டை முடித்ததும், டான் டிரம்மண்ட் இயற்றிய ‘ஈஸ்டர்ன் ஸ்டாண்டர்டு டைம்’ என்ற இசையை அவனுக்குப் போட்டுக்காட்டுங்கள். டிராம்போன் ஏறி இறங்கும்போது பின்னால் ‘க’ விழுகிறதா என்று அவனே எண்ணிப் பார்க்கட்டும். கேட்டபின் தோன்றியதை அவன் எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் இதே பக்கத்தில் அவன் பெயரோடு வெளியிடுகிறேன்.