பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்: பழைய டிராக்டர் என்ஜின் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: பழைய டிராக்டரின் என்ஜினை மண்ணெண்ணெயால் கழுவி, மறுநாளே பெயின்ட் அடித்தேன். இரண்டே மாதத்தில் தோல்போல உரிந்து வருகிறது. போலிப் பெயின்டா? கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன், உரிந்த துண்டின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் குற்றம் பெயின்டில் இல்லை. மண்ணெண்ணெயும் டீசலும் இறுகிய கிரீஸை இளக்கும். கூடவே தம் பங்குக்கு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும் விட்டுச்செல்லும். மண்ணோடு சேர்ந்து கெட்டியான கிரீஸை முதலில் தகட்டால் சுரண்டி எடுத்து, அதன்பின் மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டு, கடைசியில் சோப்புக் கரைசலால் தேய்த்து வெந்நீரில் அலச வேண்டும். அலசிய பிளாக்கின் (என்ஜினின் வார்ப்பிரும்பு உடல்) மீது நல்ல தண்ணீரை ஊற்றினால் அது ஒரே படலமாக வழிய வேண்டும். எங்கே துளித்துளியாகத் திரண்டு நிற்கிறதோ அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. ஈரமான வார்ப்பிரும்பு சில மணி நேரத்திலேயே துருவேறத் தொடங்கும் என்பதால், காற்றடித்து உலர்த்தி, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் அழுக்கு ஒட்டாத நிலை வந்ததும் அன்றைக்கே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள்.

கேள்வி: "எல்லா என்ஜினுக்கும் ஏற்றது" என்று அச்சிட்ட சுத்தம் செய்யும் பொடியைக் கரைத்துத் தடவினேன். கார்புரேட்டரும் அலுமினிய மூடிகளும் நுரைத்துக் கறுத்துவிட்டன. "பழைய உலோகம் அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் சொல்வது தவறு, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி காஸ்டிக் சோடாவுக்கு உரியது. அது வார்ப்பிரும்பை ஒன்றும் செய்யாது, அலுமினியத்தையோ அரித்துத் தின்னும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயுதான் நீங்கள் கண்ட நுரை. உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் அமரும் பரப்புகளும் மரைகளும் அரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். பில், பொட்டலத்தின் நான்கு பக்கங்கள், கறுத்த உறுப்புகள் எல்லாவற்றையும் படமெடுத்துக் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். அலுமினியத்தில் படக்கூடாது என்ற எச்சரிக்கை பொட்டலத்தில் இல்லையென்றால் அதையே முதல் வரியாக எழுதுங்கள். பொடியின் விலையைத் திருப்பித் தருவதாகச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த முயல்வார்கள். கெட்டுப்போன உறுப்புகளின் விலையைக் கேளுங்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. பெட்ரோலில் கழுவலாமா?

பதில்: கூடாது. ஒரு தீப்பொறி போதும், அதன் ஆவி பற்றிக்கொள்ளும்.

கேள்வி: என்ஜின் சூடாகுமே என்று 600 டிகிரி தாங்கும் பெயின்டை வாங்கி முழுவதும் அடித்தேன். டீசல் பட்ட இடமெல்லாம் துணியோடு வந்துவிடுகிறது. நன்றாகத்தான் சுத்தம் செய்திருந்தேன்.

பதில்: நம்புகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன். டப்பாவின் முகப்பில் டிகிரியின் எண்ணிக்கையைப் பெரிதாகப் போடுகிறவர்கள், அது எந்த உறுப்புக்கான பெயின்ட் என்பதைப் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஒளித்துவைக்கிறார்கள். தண்ணீரால் குளிரும் என்ஜினின் பிளாக் வழக்கமாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் ஓடுகிறது. பல நூறு டிகிரியை எட்டுவது, புகையை வெளியேற்றும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. 600 டிகிரி தாங்கும் பெயின்டுகள் பெரும்பாலும் சிலிக்கோன் பிசினால் ஆனவை. தொட்டுப் பார்த்தால் உலர்ந்ததுபோல் இருக்கும், ஆனால் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்த பிறகுதான் அவை முழுமையாக இறுகும். அந்தச் சூடு பிளாக்குக்கு ஒருநாளும் வராது. ஆகையால் அந்தப் பெயின்டும் ஒருநாளும் இறுகாமல், டீசல் பட்டவுடன் கரைகிறது. எண் பெரிதானால் தரமும் உயர்ந்ததாக இருக்கும் என்று வாங்குபவரை நினைக்கவைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது. என் பணமும் ஒருமுறை இதில் போயிருக்கிறது. மிஞ்சிய டப்பாக்களை மேனிஃபோல்டுக்கு அடித்தே தீர்த்தேன். பிளாக்குக்கு வேண்டியது, எண்ணெயையும் எரிபொருளையும் தாங்கும் என்று குறிப்பிட்ட என்ஜின் எனாமல். இப்போது அடித்ததைத் தின்னரால் முற்றிலும் நீக்கிவிட்டுப் பிரைமரிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரஷர் வாஷரால் அடித்துக் கழுவினேன். பாதியில் நின்றது, இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. வாஷர் கம்பெனி மீது புகார் செய்யலாமா?

பதில்: வாஷர் தன் வேலையைச் சரியாகத்தானே செய்திருக்கிறது? கூட வந்த கையேட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா? சூடான டீசல் பம்பின் மீது குளிர்ந்த நீர் பாய்ந்தால் உள்ளே மிக நெருக்கமாகப் பொருந்தியுள்ள பாகங்கள் இறுகிவிடக்கூடும். டைனமோ, ஸ்டார்ட்டர், ஏர் ஃபில்டரின் வாய் ஆகியவற்றிலும் நீர் புகுந்திருக்கலாம். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

கேள்வி: "என்ஜின் முழுதும் வேலை பார்த்தது" என்று சொல்லி, பளபளவென்று பெயின்ட் அடித்த டிராக்டரை விற்றார்கள். ஒரு வாரத்திலேயே மூன்று இடங்களில் ஆயில் கசிகிறது.

பதில்: வருந்துகிறேன். ஆயில் எங்கே கசிகிறது என்பதைக் காட்டும் சாட்சி அழுக்குதான். அதைத் துடைத்து மேலே வண்ணம் பூசிவிட்டால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. விற்றவர் சொன்னது விளம்பரத்திலோ குறுஞ்செய்தியிலோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். போல்ட் தலைகளின் இடுக்கிலும் என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின் (ஆயில் பேன்) ஓரத்திலும் நகத்தால் கீறிப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் பழைய கிரீஸ் இருந்தால், கழற்றி வேலை பார்த்ததாகச் சொன்னது பொய் என்பதற்கு அதுவே ஆதாரம். அதைப் படமெடுத்த பிறகே கழுவுங்கள். கசிவை நிறுத்தி, சிலநாள் ஓட்டி, உலர்ந்திருப்பதை உறுதி செய்துகொள்ளும்வரை மறுபடி பெயின்ட் வாங்க வேண்டாம்.

கேள்வி: கழற்றாமலே மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். செலவு குறைவு.

பதில்: மணல் ஆயில் சீலுக்குள்ளும் பேரிங்கிலும் புகுந்தபின் ஆகும் செலவையும் அவரிடமே கேளுங்கள்.