இன்ஹேலரில் என்ன இருந்தது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், மல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் துப்புத் துலக்கும் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் 'அன்யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' எபிசோடைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த இதழை நிரப்பிவிட்டன. பார்க்காதவர்களுக்காகக் கதை சுருக்கமாக: 1989, பால்டிமோர். ஒரு கம்ப்யூட்டர் கண்காட்சி. அரசு ஊழியர் பையர்ஸ், திருட்டு கேபிள் டப்பா விற்கும் ஃப்ரோஹிக்கி, லாங்லி ஆகிய மூவரிடமும் ஒரு பெண் உதவி கேட்டு வருகிறாள். காணாமல் போன மகளைத் தேடுவதாகச் சொல்கிறாள். உண்மையில் அவள் ராணுவ ஆயுத ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வேதியியலாளர் சூசன் மொடெஸ்கி. மனிதர்களுக்குச் சந்தேகப் பித்துப் பிடிக்கவைக்கும் ஒரு வாயுவை ஆஸ்துமா இன்ஹேலரில் அடைத்து, பால்டிமோர் மக்கள் மேலேயே சோதிக்கப் போகிறார்கள் என்கிறாள். கடைசியில் கிடங்கில் துப்பாக்கிச் சூடு, மூவருக்கும் விலங்கு. முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

ஸ்கல்லி இல்லாமல் ஓர் எபிசோடா? ஏதாவது சண்டையா? (கோவில்பட்டி வாசகி)

சண்டை இல்லை, கால்ஷீட். மல்டராக நடித்த டுகாவ்னியும் ஸ்கல்லியாக நடித்த கில்லியன் ஆண்டர்சனும் லாஸ் ஏஞ்சல்ஸில் எக்ஸ்-ஃபைல்ஸ் சினிமாவில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தொடரின் படப்பிடிப்போ வான்கூவரில் தொடங்கியாக வேண்டும். அதனால் துணைப் பாத்திரங்களான மூன்று பேரை நாயகர்களாக்கி ஒரு முன்கதை எழுதினார் வின்ஸ் கில்லிகன் (பிறகு 'பிரேக்கிங் பேட்' உருவாக்கிய அதே ஆள்தான்). ஐந்தாம் சீசனில் முதலில் எடுத்தது இதுதான். ஒளிபரப்பானது மூன்றாவதாக, 1997 நவம்பர் 16 அன்று. கதையை 1989-க்குத் தள்ளியதில் இன்னொரு வசதியும் உண்டு. கதைப்படி மல்டரும் ஸ்கல்லியும் சந்திப்பதே 1992-ல்தான். ஆண்டர்சன் வராததற்குக் கதைக்குள்ளேயே காரணம் கிடைத்துவிட்டது. டுகாவ்னி கொஞ்ச நேரம் வருகிறார். அதிலும் ஒரு பங்கு, அட்டைப்பெட்டிக்குள் ஆடையின்றிக் கத்துவதிலேயே போய்விடுகிறது.

பையர்ஸை விசாரிக்கும் அந்த ஒல்லி டிடெக்டிவை வேறு ஏதோ சீரியலில் பார்த்த ஞாபகம். (தாம்பரம்)

ஞாபகம் சரி. அவர் ஜான் மன்ச். நடித்தவர் ரிச்சர்ட் பெல்ஸர். 1993-ல் என்.பி.சி. சேனலில் தொடங்கிய 'ஹோமிசைட்' தொடரின் பாத்திரம் அது. எக்ஸ்-ஃபைல்ஸ் ஓடியது ஃபாக்ஸில். ஒரு சேனலின் போலீஸ்காரர் இன்னொரு சேனலின் லாக்கப்புக்குள் அதே பெயரோடு வந்து உட்காருவது அபூர்வம். 1999 முதல் 'லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யூ.'வில் வருடக்கணக்கில் இருந்தார், 'தி வயர்' கடைசி சீசனிலும் ஒருமுறை தலைகாட்டினார். பெல்ஸர் 2023 பிப்ரவரியில் காலமானார்.

இதில் ரசிக்க வேண்டியது வேறு. மன்ச்சே ஒரு சதிக்கோட்பாட்டுப் பிரியர். கென்னடி கொலை என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அப்படிப்பட்டவரே பையர்ஸ் சொல்வதை நம்பாமல் முகத்தைச் சுளிக்கிறார் என்றால், கதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது.

அந்த வாயு நிஜமாகவே உண்டா? (மருந்தாளுநர், திருச்சி)

எபிசோடில் அதன் பெயர் எர்கோடமின்-ஹிஸ்டமின். அப்படி ஒரு வாயு கிடையாது. ஆனால் இரண்டு பொருளும் நிஜம், அதிலும் ஒன்று இன்ஹேலரிலேயே விற்பனையானது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

எர்கோடமின் என்பது 1918-ல் சுவிட்சர்லாந்தில் எர்காட் என்ற பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருள். ரத்தக்குழாயைச் சுருக்கும். ஒற்றைத் தலைவலிக்கு 1 மில்லிகிராம் எர்கோடமினும் 100 மில்லிகிராம் கஃபீனும் சேர்ந்த மாத்திரை வெகுநாள் புழக்கத்தில் இருந்தது. வெளிநாட்டில் அதே தலைவலிக்கு, ஒரு அழுத்தலுக்கு 0.36 மில்லிகிராம் வரும் எர்கோடமின் இன்ஹேலரும் இருந்தது. அளவு மீறினால் பித்து பிடிப்பதற்கு முன்னால் வாந்தி வரும், விரல் நுனி மரத்துப்போகும், முற்றினால் விரல் அழுகும். இடைக்கால ஐரோப்பாவில் பூஞ்சை பிடித்த ரை தானியத்தில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டவர்களுக்கு வந்த வியாதி அதுதான். சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வந்தன. எல்.எஸ்.டி. பிறந்ததும் இதே எர்காட் வழியில்தான்: 1938-ல் தயாரித்தார்கள், 1943-ல் அதன் போதை தெரியவந்தது. ஆகவே 'எர்கோடமின்' என்ற சொல்லைக் கேட்டதும் வேதியியல் தெரிந்தவருக்கு எல்.எஸ்.டி. நினைவுக்கு வரும். எழுதியவர் குறிவைத்ததும் அதைத்தான்.

நம் ஊர் விவசாயிக்கு எர்காட் புதிதல்ல. கம்பில் வரும் தேன் ஒழுகல் நோய் அதே குடும்பம். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ சமையல் உப்பைக் கரைத்து விதையைப் போட்டால் பூஞ்சை பிடித்தது மிதக்கும். அதை அள்ளிவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் காயவைக்க வேண்டும். கம்பு எர்காட்டில் இருக்கும் நச்சு வேறு வகை. குமட்டலும் தூக்கமும் வரும், விரல் அழுகாது.

இனி ஹிஸ்டமின், ஒவ்வாமையின்போது நம் உடம்பே சுரக்கும் பொருள். கதை இடறுவது இங்கேதான். ஒருவருக்கு ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்க்க, மிகக் குறைந்த அளவு ஹிஸ்டமினை மூச்சில் இழுக்கவைத்து, மூச்சுக்குழாய் சுருங்குகிறதா என்று அளக்கும் பரிசோதனையே உண்டு. அதை ஆஸ்துமா இன்ஹேலரிலேயே வைத்தால் முதல் அழுத்தலிலேயே நோயாளிக்கு இழுப்பு கூடும். அன்று சாயங்காலமே மருந்துக்கடைகளில் திருப்பிக் கொடுக்கக் கூட்டம் சேரும். ரகசியச் சோதனை ஒரு நாள்கூடத் தாங்காது.

அளவுக் கணக்கும் உதைக்கிறது. சாதாரண சால்பியுடமால் இன்ஹேலரில் 200 அழுத்தல், ஒன்றுக்கு 100 மைக்ரோகிராம். மொத்த மருந்தே 20 மில்லிகிராம்தான். தோட்டா பட்டு நாலைந்து இன்ஹேலர் பெட்டி கசிந்ததில் ஒரு கிடங்குக் காற்றே நஞ்சாகி மல்டர் மதிமயங்குகிறார் என்றால் அது கதைக்கான சலுகை.

அரசாங்கமே சொந்த மக்கள்மேல் மருந்து சோதிப்பது ரொம்ப மிகையாக இல்லையா? (ஈரோடு)

எபிசோடில் மிகையே இல்லாத பகுதி அதுதான். சி.ஐ.ஏ. 1953 ஏப்ரலில் 'எம்.கே.அல்ட்ரா' என்ற திட்டத்தைத் தொடங்கி, தெரியாமலேயே ஆட்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துப் பார்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ராணுவ விஞ்ஞானி ஃபிராங்க் ஓல்சனுக்கு மதுபானத்தில் கலந்து கொடுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து நியூயார்க் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அவர் வேலை பார்த்த ஃபோர்ட் டெட்ரிக், பால்டிமோர் இருக்கும் அதே மேரிலாந்து மாநிலத்தில்தான் இருக்கிறது. 1973-ல் கோப்புகளை அழிக்கச் சொல்லி சி.ஐ.ஏ. இயக்குநர் ஹெல்ம்ஸ் உத்தரவிட்டார். கணக்குப் பிரிவுக் கிடங்கில் தப்பிய ஏறக்குறைய 20,000 பக்கங்கள் 1977-ல் வெளிவந்தன. எல்லாவற்றையும் அழித்தவர்கள் செலவுக் கணக்கை மறந்துவிட்டார்கள். ஓல்சன் குடும்பத்துக்கு 1976-ல் 7,50,000 டாலர் இழப்பீடு கிடைத்தது.

1966-ல் நியூயார்க் சுரங்க ரயில் பாதையில், தீங்கற்றது என்று கருதிய பாக்டீரியாவை மின்விளக்குக் குமிழில் அடைத்துப் போட்டு உடைத்து, காற்றில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று ராணுவம் அளந்ததும் உண்டு. பயணிகளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஃப்ரோஹிக்கி விற்கும் டப்பா என்ன செய்யும்? (கேபிள் ஆபரேட்டர், விருதுநகர்)

உங்களுக்குத் தெரியாததா! அனலாக் காலத்தில் கட்டணச் சேனலின் படத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் கிடைமட்ட 'சிங்க்' துடிப்பை மட்டும் அமுக்கி அனுப்புவார்கள். டிவிக்குப் பிடி கிடைக்காமல் படம் சாய்ந்து கிழிந்து ஓடும். டப்பா அந்தத் துடிப்பைத் திரும்பச் சேர்க்கும், அவ்வளவே. அமெரிக்காவில் 1984-ல் வந்த கேபிள் சட்டப்படி அது குற்றம். அதை விற்பவன் பக்கத்தில் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் ஊழியரை நிறுத்தியதுதான் கில்லிகனின் குறும்பு.

எபிசோடில் பையர்ஸ் செய்வதுபோல 1989-ல் ஒரு குமாஸ்தா கண்காட்சிக் கம்ப்யூட்டரிலிருந்து பாதுகாப்புத் துறைக்குள் நுழைந்து ரகசியக் கோப்பை எடுக்க முடியுமா? (பொறியியல் மாணவர், கோவை)

நுழைவது முடியும், கிடைத்த கோப்புதான் பொய். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1990 பிப்ரவரியில்தான் மூடப்பட்டது. ஆகவே 1989-ல் அதைக் காட்டியது சரி. ஆனால் ராணுவப் பிரிவு 1983-லேயே மில்நெட் என்று தனியாகப் போய்விட்டது, ரகசியம் என்று முத்திரை குத்திய கோப்பு இரண்டிலுமே இருக்காது.

நிஜத்தில் நடந்தது இன்னும் சுவையானது. 1986-ல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் நேரக் கணக்கு 75 சென்ட் இடித்தது. அதைத் துருவிய கிளிஃபோர்ட் ஸ்டால், மேற்கு ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ஒருவன் நுழைந்து மில்நெட் வழியாக ராணுவக் கம்ப்யூட்டர்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். நிறுவியபோது கம்பெனி வைத்த பாஸ்வேர்டைப் பல இடங்களில் யாரும் மாற்றவே இல்லை. அவன் தகவலை சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக்கொண்டிருந்தான்.

மூவருக்கும் 'லோன் கன்மென்' என்று பெயர் ஏன்? (மதுரை)

1964-ல் வாரன் ஆணையம், கென்னடியைச் சுட்டது ஆஸ்வால்ட் என்ற தனி ஆள், பின்னால் சதி இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று 888 பக்கத்தில் எழுதியது. அதை நம்பாதவர்கள் கிண்டலாக எடுத்துக்கொண்ட பெயர் இது: 'தனித் துப்பாக்கிக்காரர்கள்'. எபிசோடில், கென்னடி விஷயத்தைப் பற்றிக் கேட்கும் பையர்ஸுக்கு, ஆதாரத்தை அழிக்க வரும் மர்ம ஆசாமி மிஸ்டர் எக்ஸ், அது ஒரு தனி ஆளின் வேலை என்றுதான் கேள்விப்பட்டேன் என்கிற ரீதியில் ஒரு பதிலை வீசிவிட்டுப் போவார். பையர்ஸின் முழுப்பெயர் ஜான் ஃபிட்ஜெரால்ட் பையர்ஸ். கென்னடி சுடப்பட்ட நாளில் பிறந்தவர். இல்லையென்றால் பெர்ட்ரம் ஆகியிருப்பார்.

முதல் சீசனில் 20 டாலர் நோட்டைக் கிழித்து, உள்ளே ஆளைக் கண்காணிக்கும் பட்டை இருப்பதாகக் காட்டுகிறார்களே? (வேலூர்)

பட்டை உண்டு, கண்காணிப்பு இல்லை. 1990 வரிசை நோட்டுகளிலிருந்து வந்த பாதுகாப்பு இழை அது. பாலியெஸ்டர், மேலே பொடி எழுத்து. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும், ஜெராக்ஸில் விழாது. அதற்காகத்தான் வைத்தார்கள்.

2016 நவம்பரில் நம் 2000 ரூபாய் நோட்டில் 'நானோ ஜிபிஎஸ் சிப்', 120 மீட்டர் மண்ணுக்கடியில் புதைத்தாலும் காட்டிக்கொடுக்கும் என்று பரவியது நினைவிருக்கும். ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளிடமிருந்து வாங்கத்தான் செய்யும், அதுவாக எதையும் அனுப்பாது. அனுப்ப வேண்டுமென்றால் தனி டிரான்ஸ்மிட்டர், ஆண்டெனா, மின்சாரம் எல்லாம் வேண்டும். மண்ணுக்கடியில் அந்தச் சிக்னல் வருவதே இல்லை. கார் பார்க்கிங்கின் இரண்டாம் தளத்துக்குக் கீழே போன் மேப் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

2001 மார்ச்சில் வந்த இந்த மூவரின் தனித் தொடரில் உலக வர்த்தக மையத்தில் விமானத்தை மோத முயல்வதாகக் காட்டினார்களாமே? செப்டம்பர் 11 தாக்குதல் முன்பே தெரியுமா? (நாகர்கோவில்)

காட்டியது உண்மை. மார்ச் 4 அன்று ஒளிபரப்பான முதல் எபிசோட். ஆயுத வியாபாரத்தைத் தூக்கிவிட அரசுக்குள் ஒரு கும்பல் விமானத்தைத் தொலைவிலிருந்து இயக்குகிறது, கட்டடம் மயிரிழையில் தப்புகிறது. அந்தக் கட்டடத்தில் 1993-லேயே குண்டு வெடித்திருந்தது. பெரிய இலக்கு தேடும் எந்தக் கதாசிரியரும் போய் நிற்கிற இடம் அது. தொடர் 13 எபிசோடில் நின்றுபோனது.

நண்பர்கள் சேர்ந்து 30 நிமிட வெப் எபிசோட் எழுதுகிறோம். சதிக்கோட்பாட்டு ஆசாமிகள்தான் மையம். எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிற மாதிரி வருகிறது. (சென்னை)

இதே எபிசோடைப் பேனாவோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிவைக் காட்டிவிடுகிறார்கள்: கிடங்கு, ஆயுதப் போலீஸ், பெட்டிக்குள் ஆடையில்லாத எஃப்.பி.ஐ. ஏஜென்ட். அதன் பிறகு வரும் எந்தப் பேச்சும் 'அந்த ஆள் பெட்டிக்குள் எப்படி வந்தான்?' என்ற கேள்விக்குப் பதிலாகிவிடுவதால் பேச்சாகத் தெரிவதில்லை. உங்கள் கதையில் அப்படி ஒரு படத்தை இரண்டு பக்கத்துக்குள் வையுங்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம்.

அடுத்தது, ஒவ்வொரு திருப்பமும் கையில் பிடிக்கிற ஒரு பொருளோடு வருகிறது. உச்சம் பல். தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று சூசன் பத்து வரி பேசவில்லை. குறடை எடுத்துத் தன் பல்லைத் தானே பிடுங்குகிறாள். அதற்குள் கருவி இருக்கிறது. இருந்திராவிட்டால் அவள் பைத்தியம். இந்த இரண்டுக்கும் நடுவில் பார்வையாளரை அரை நிமிடம் நிறுத்துவதுதான் மொத்த எபிசோடின் வித்தை. ஐந்தாறு பக்கத்துக்கு ஒன்று என்று உங்களுக்கு நாலு பொருள் போதும்.

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் மூவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். பையர்ஸ் அரசாங்கத்தை நம்புகிறவர், டை கட்டியவர். அவர் நம்பிக்கை உடைவதுதான் கதை. மற்ற இருவருக்கும் உடைய ஒன்றுமில்லை, வியாபாரப் போட்டிதான் இருக்கிறது. உங்கள் மூவரில் ஒருவரையாவது தாசில்தார் ஆபீஸ் கிளார்க் ஆக்குங்கள். நம்பாத ஒருவர் கட்டாயம் வேண்டும், அவர் முட்டாளாகவும் இருக்கக் கூடாது.

சுவர் முழுக்க போட்டோ ஒட்டிச் சிவப்பு நூல் கட்டும் காட்சியை இன்றே வெட்டிவிடுங்கள். கடைசியில் ஆதாரம் காணாமல் போகிறது என்றால், அதை யார் எந்த வண்டியில் எடுத்துப் போனார்கள் என்று காட்ட வேண்டும். இங்கே மிஸ்டர் எக்ஸின் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவதை மூவரும் கண்ணெதிரே பார்க்கிறார்கள்.

சூசன் மறுபடி வருவாளா? (அதே கோவில்பட்டி வாசகி)

வருவாள். ஆறாவது சீசனில் 'த்ரீ ஆஃப் எ கைண்ட்', 1999 மே, லாஸ் வேகாஸ். அதில் ஸ்கல்லியும் உண்டு. போதையில் அவர் அடிக்கும் கூத்துக்காகவே பார்க்கலாம்.