முடி குறைவான மணப்பெண்ணுக்குச் சடையிலும் கொண்டையிலும் எந்த நகை நிற்கும்?

கேள்வி: தங்கச்சிக்கு ஆவணியில் நாகர்கோவிலில் கல்யாணம். காலையில் முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன். அவளுக்கு முடி தோளுக்குக் கீழே நாலு விரல்தான், அடர்த்தியும் குறைவு. காலையில் பூ வைத்த நீளச் சடை, மாலையில் கொண்டை என்று பேசியிருக்கிறோம். எதற்கு எந்தத் தலை நகை பொருந்தும்? வடசேரியில் கோயில் நகை செட் எடுக்கலாமா?

பதில்:

எடுக்கலாம், ஆனால் முழு செட் வேண்டாம். கடையில் தட்டில் பரப்பி வைத்தால் எல்லாமே அழகுதான். அந்த நகை தலையில் எந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கப்போகிறது, அந்த இடத்தில் எவ்வளவு முடி இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாதித் தொந்தரவு அங்கேயே தீர்ந்துவிடும்.

நகைக் கடைக்குப் போகும் முன் பிளவுஸின் முதுகுப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து முதுகில் ஆரி வொர்க் போட்டுவிட்டு, அதன்மேல் அகலமான பூச்சடையைத் தொங்கவிட்டால் வேலைப்பாடு ஒரு போட்டோவில்கூட வராது. வொர்க் பிளவுஸைக் கொண்டை போடும் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டு, காலையில் கையில் மட்டும் வேலைப்பாடு உள்ளதைப் போடுவது நல்லது.

இப்போது சடை. இந்த நீளத்துக்குச் சவுரி, அதாவது ஒட்டுமுடி இல்லாமல் நடக்காது. மூன்று கால் உள்ள சவுரியாக வாங்குங்கள், பின்னும்போது ஒவ்வொரு காலும் ஒவ்வொரு பிரிவோடு சேர்ந்து போகும். நிறத்தைக் கடை லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் தேய்த்து வளர்ந்த முடிக்கு வெயிலில் கொஞ்சம் பழுப்பு தெரியும், மட்டமான சவுரி நீலம் கலந்த கறுப்பாக மின்னும்.

சவுரி, பில்லை (சடைமேல் வரிசையாகக் கட்டும் வில்லை நகை), பூ, குஞ்சலம் (சடை நுனியில் தொங்குவது) எல்லாம் சேர்ந்த எடை ஒரே ஒரு ரப்பர் பேண்டில் தொங்குவதுதான் மெல்லிய முடிக்கு வரும் பிரச்சினை. கொஞ்ச நேரத்தில் ரப்பர் அரை அங்குலம் இறங்கும், உச்சியில் படிய வாரியது தளரும், பிடரியில் சுருக்கென்று இழுக்கும். அதனால் அடித்தளத்தை இரண்டாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு காதுக்கும் மேலே உள்ள முடியை மட்டும் பின்னால் எடுத்து ஒரு ரப்பர். மீதி முடியையும் சேர்த்து ஒரு அங்குலம் கீழே இன்னொரு ரப்பர். சவுரியின் கயிற்றை மேல் ரப்பரில் கோத்துக் கட்டிவிட்டு, பின்னலைக் கீழ் ரப்பரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எடை இரண்டு இடத்தில் பிரிந்துவிடும், தலைவலியும் குறையும்.

பில்லை எத்தனை வேண்டும் என்பதற்குச் சின்னக் கணக்கு இருக்கிறது. சவுரியோடு சடை 26 அங்குலம் வருகிறது என்று வையுங்கள். கடைசி 3 அங்குலம் குஞ்சலத்துக்கு. மேலே 2 அங்குலம் கட்டாயம் வெறுமையாக இருக்கட்டும். தாலி கட்டும்போது பின்னால் நிற்கும் நாத்தனார் சடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அந்த இடத்தில் பில்லையின் விளிம்பு இருந்தால் அவர் கையைக் கிழிக்கும், தாலிக் கயிறானாலும் செயினானாலும் அதில் மாட்டும். மிச்சம் 21 அங்குலம். சராசரியாக ஒன்றே முக்கால் அங்குலப் பில்லை ஐந்து வைத்தால் 8.75 போக 12.25 இருக்கும். ஐந்து இடைவெளிக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டரை அங்குலம், அதில் இரண்டு வரிசை பூ கச்சிதமாக உட்காரும். அதே அளவில் ஏழு பில்லை வைத்தால் இடைவெளி ஒன்றேகால் அங்குலமாகிவிடும், பூ ஒரு வரிசைதான் போகும், உலோக எடை கூடும். உங்கள் தங்கச்சிக்கு ஐந்து போதும். பெரியது மேலே, போகப் போகச் சிறியது.

பில்லையின் அகலம் சடையின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓரம் காற்றில் நிற்கும், திரும்பும்போதெல்லாம் பட்டுச்சேலை இழையை இழுக்கும். பில்லையைப் பின் குத்தி நிறுத்தவும் கூடாது. அதன் முதுகில் இரண்டு வளையம் இருக்கும். கறுப்பு நூலை இரட்டையாகக் கோத்துச் சடையைச் சுற்றிக் கொண்டுவந்து உள்பக்கத்தில் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுக்குப் பிறகு ஒரு அங்குலம் நூல் நீட்டி விடச் சொல்லுங்கள். ராத்திரி கழற்றும்போது அந்த வாலைப் பிடித்து இழுத்து வெட்டலாம். இல்லாவிட்டால் கறுப்பு முடியில் கறுப்பு நூலைத் தேடி, முடியையும் சேர்த்து வெட்டுவார்கள்.

குஞ்சலத்தின் நீளத்தை நிற்க வைத்து அளக்காதீர்கள். மணையிலும் நாற்காலியிலும் உட்கார வைத்து அளந்து, நுனி இருக்கைக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி வாங்குங்கள். குஞ்சலத்தின்மேல் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மொத்தச் சடையும் பின்னால் இழுபடும். சடை ஆடாமல் இருக்கட்டும் என்று சிலர் பிளவுஸோடு சேர்த்துப் பின் குத்துவார்கள். அது வேண்டவே வேண்டாம், குனிந்து காலில் விழும்போது ஒன்று பிளவுஸ் கிழியும், இல்லை முடி பிடுங்கும்.

வடசேரி செட்டுக்கு வருகிறேன். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அந்த செட் சாமி அலங்காரத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் என்று உருவானது. பின்னந்தலையில் வட்டமான ராக்கொடி, வகிட்டுக்கு வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன், நெற்றிச்சுட்டி, சடை முழுக்க மூடும் ஜடைநாகம் என்று எல்லாம் சேர்ந்தால் மேடையில் எடுப்பாக இருக்கும். மணமேடையில் மூன்று அடி தூரத்தில் கேமரா நிற்கும்போது முகத்தை விழுங்கிவிடும். முடி குறைந்த தலையில் ஜடைநாகம் சரிந்து ஒரு பக்கமாகத் திரும்பும். ராக்கொடி, நெற்றிச்சுட்டி, ஐந்து பில்லை, மெல்லிய குஞ்சலம், இதோடு நிறுத்துங்கள். சூரிய சந்திரன் வைக்க ஆசை என்றால் நெற்றிச்சுட்டி ஒற்றைச் சரமாக இருக்கட்டும். இரண்டும் பெரியதாக இருந்தால் நெற்றியில் இடமே இருக்காது.

பழைய முறையில் வெள்ளித் தகட்டில் அரக்கு வைத்துக் கெம்புக்கல் பதித்த நகைக்குச் சூடு ஆகாது. ஹேர் டிரையர், கிரிம்பிங் எல்லாம் முடிந்த பிறகே அதைத் தலைக்குக் கொண்டுவர வேண்டும். ஹேர் ஸ்ப்ரேயும் அப்படித்தான். முதலில் ஸ்ப்ரே, இரண்டு நிமிஷம் காயவிட்டு நகை, கடைசியில் பூ. ஸ்ப்ரே பட்டால் கல் மங்கும், முலாம் பிசுபிசுக்கும், பூ ஓரம் பழுத்துப் போகும். வாடகைக்கு எடுப்பதானால் வாங்கும் இடத்திலேயே ஒவ்வொரு கல்லையும் நகத்தால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விழுந்த கல்லுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியிருக்காது.

இன்னொரு விஷயம் நிறம். நம் மாவட்டத்துக் கல்யாணங்களில் கழுத்து நிறைய அசல் தங்கம்தான். அது பளிச்சென்ற மஞ்சள். கெம்பு நகையின் பொன் மங்கலாக, கொஞ்சம் சிவந்து இருக்கும். கழுத்தில் மஞ்சள், தலையில் செம்பொன் என்று வந்தால் தலையில் இருப்பது கவரிங் என்று உடனே தெரியும். தலை நகையை ஆரத்தோடு பொருத்திப் பார்ப்பதைவிட ஜிமிக்கியோடும் மாட்டலோடும் (தோட்டிலிருந்து முடிக்குப் போகும் சரம்) பொருத்துங்கள். பக்கவாட்டுப் போட்டோவில் ஒட்டித் தெரிவது அவைதான். காதுக்கு மட்டும் கெம்பு ஜிமிக்கி போட்டுவிட்டால் தலைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு பாலம் கிடைத்துவிடும். மாட்டலைப் பூ வைக்கும் முன்பே காதுக்கு மேலே ஸ்லைடு போட்டு நிறுத்திவிட வேண்டும். பிறகு குத்த இடம் கிடைக்காது.

நெற்றிச்சுட்டிக்கு நேர் வகிடு வேண்டும். முன்னால் பஃப் வைப்பதாக இருந்தால், வைத்த பிறகுதான் சங்கிலியின் நீளத்தை அளக்க வேண்டும், பஃப் தூக்கும் அளவுக்குப் பதக்கமும் மேலே ஏறிவிடும். பதக்கத்தின் அடி பொட்டுக்கு ஒரு விரல் மேலே நிற்பது அழகு. சின்ன நெற்றி என்றால் பதக்கமும் சின்னதுதான்.

பூவில் நம் ஊருக்கு ஒரு வசதி, தோவாளைச் சந்தை பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பிச்சிப்பூவுக்கு ஒரு குணம் உண்டு. முதுகில் ரோஸ் வரி ஓடிய மொட்டாகக் காலையில் பறித்து வரும், சாயங்காலம் விரியும். முதல் நாள் வாங்கி வைத்தால் முகூர்த்த நேரத்துக்கு விரிந்து தொய்ந்திருக்கும், கை பட்ட இடம் பழுப்பாகும். அதனால் காலைச் சடைக்கு மல்லி மொட்டும் நடுவில் கனகாம்பரமும். கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது, ஆனால் எடையே இல்லை, வாடவும் நேரமாகும். அன்று காலை வாங்கிய பிச்சி மொட்டைச் சாயங்காலக் கொண்டைக்கு வையுங்கள், ரிசப்ஷன் நடக்கும்போதே தலையில் விரியும். ஈர வாழையிலையில் சுற்றிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், பிரீசரில் வேண்டாம். தண்ணீர் தெளித்த பூவை அப்படியே வைத்தால் பட்டு பிளவுஸில் கறை விழும், ஒரு துணியில் ஒற்றிவிட்டு வையுங்கள். ஆவணியில் முகூர்த்தமும் ஓணமும் சேர்ந்து வந்தால் தோவாளையில் விலை தாவும், பூக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது உத்தமம்.

கொண்டைக்கு எத்தனை முழம்? டோனட் (உள்ளே வைக்கும் ஸ்பாஞ்ச் வளையம்) வைத்த கொண்டை குறுக்கே 4 அங்குலம் இருந்தால் முதல் சுற்றுக்கு 14 அங்குலம், வெளியே அடுத்த சுற்றுக்கு 17, அதற்கும் வெளியே 20. மொத்தம் 51 அங்குலம், கிட்டத்தட்ட மூன்று முழம். பூக்காரரின் கை குட்டையாகவும் இருக்கலாம், நாலு முழம் வாங்குங்கள். நெருக்கமாகக் கட்டச் சொல்லுங்கள். இடைவெளி விட்டுக் கட்டிய சரம் வளைத்ததும் வாழைநார் தெரியும்.

கொண்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிடரியை ஒட்டிய தாழ்ந்த கொண்டை படத்தில் நளினமாக இருக்கும், மேடையில் கழுத்தில் மாலை விழுந்ததும் அது கொண்டையை மேலே தள்ளும். காது மடலின் மேல்நுனிக்கு நேராகப் பின்மண்டையில் கொண்டை இருந்தால் மாலைக்கும் பூவுக்கும் இடம் பிரிந்துவிடும். கொண்டை ஊசியை நேராகக் குத்தினால் வழுகும். முனை வெளியே பார்க்கும்படி கொண்டையின் ஓரத்து முடியைக் கொஞ்சம் கோத்து, அப்படியே திருப்பி மண்டையை நோக்கித் தள்ள வேண்டும், அப்போது பிடிக்கும். ஸ்லைடில் வளைவு வளைவாக உள்ள பக்கம் மண்டையைப் பார்க்க வேண்டும். எடை தாங்கும் இடத்தில் இரண்டைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போடுங்கள். ரிசப்ஷனுக்கு வெளிர்நிறச் சேலை என்றால் கெம்பை எடுத்துவிட்டு, வெள்ளை ஏடி கல் (வைரம் போல் மின்னும் செயற்கைக் கல்) வைத்த ஒரே ஒரு பக்கவாட்டு புரூச் போதும். பூ முழுச்சுற்று இருந்தால் நகை நடுவில், பூ அரைச்சுற்று இருந்தால் நகை காலியான பக்கத்தில்.

சர்ச் கல்யாணத்துக்குத் தேடி இங்கே வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நெட்டும் (தலையில் போடும் முக்காட்டு வலை) கிரீடமும் வழுக்குவதற்குக் காரணம் வழவழப்பான முடி. சீப்புப் பல் இறங்கும் இடத்தில், மேல்முடிக்கு அடியில், விரல் அகலத்துக்குச் சின்னதாகக் குறுக்கே பின்னி இரண்டு ஸ்லைடு போட்டு, அந்தப் பின்னலில் பல்லைச் செருகுங்கள், அசையாது. நெட்டைக் கடைசியில் தனி ஸ்லைடில் மாட்டினால் ஆராதனை முடிந்ததும் கொண்டையைக் கலைக்காமல் கழற்றலாம்.

முதல் நாள் நலங்குக்கு எண்ணெய் வைத்தால் அன்றைக்கே இரண்டு தடவை ஷாம்பு போட்டு அலசிவிட வேண்டும், கண்டிஷனர் நுனிக்கு மட்டும். எண்ணெய்ப் பசை உள்ள முடியில் எந்தப் பின்னும் நிற்காது. நம் ஊர் ஈரக்காற்றில் ராத்திரி குளித்தால் உள்முடி விடிகாலை வரை காயாது, அதனால் மத்தியானத்துக்குள் தலைக்குக் குளித்துவிடுங்கள். ஈரத்தோடு பின்னினால் காயும்போது பின்னல் தளர்ந்து பில்லைகள் சரியும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே, அதே பிளவுஸ் போட்டு, நகையும் சவுரியும் வைத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். பூவுக்குப் பதில் ஈரத்துணியை முறுக்கிச் சடையில் சுற்றினால் எடை ஏறக்குறைய வந்துவிடும். குனிந்து எழட்டும், இரண்டு பக்கமும் திரும்பட்டும். எங்கே இழுக்கிறது என்று அவளே சொல்வாள், அந்த இடத்தில் ஒரு பில்லையைக் குறைத்துவிடுங்கள்.