பப்பாளி இருக்கட்டும், பந்தியில் அவருக்கு இடம் எங்கே?

கேள்வி: மருமகளுக்கு இது ஆறாவது மாதம். பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை எதையும் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாரும் சாப்பிட்டு முடித்து அவள் உட்காரும்போது ஒரு துண்டு பப்பாளியை எடுத்துக்கொள்கிறாள். கேட்டால் மகன் சண்டைக்கு வருகிறான். யார் சொல்வது சரி? (ஒரு வாசகி, வலங்கைமான்)

பதில்: அம்மா, பப்பாளிக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். காயிலும் செங்காயிலும் பால் இருக்கிறது, அது வேண்டாம். நன்றாகப் பழுத்த பழத்தை அளவாகச் சாப்பிட்டால் கரு கலையாது. அன்னாசியும் எள்ளும் அப்படித்தான், எள்ளில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் வேறு இருக்கின்றன. சர்க்கரை இருந்தால் மட்டும் பழத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய 'எல்லாரும் சாப்பிட்டு முடித்து' என்பதுதான். ஆறு மாத வயிற்றோடு இருக்கிற பெண் ஏன் கடைசியில் உட்கார வேண்டும்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். கரண்டி அடியில் உரசுகிற நேரத்தில் சாம்பாரில் காய் இருக்காது, கூட்டு வழித்த பாத்திரம் தொட்டிக்குப் போயிருக்கும், மிஞ்சுவது சோறும் ரசமும் ஊறுகாயும். வளைகாப்பன்று மட்டும் நடுவில் உட்காரவைத்து ஐந்து வகைச் சோறு கட்டிப் போட்டு போட்டோ எடுக்கிறோம், மறுநாளே பழைய வரிசைக்கு அனுப்பிவிடுகிறோம். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும், குடும்ப வழக்கத்தில் பத்திரிகைக்கு என்ன வேலை என்று கடிதம் வருகிறது. வரட்டும், இன்னும் எழுதுவேன்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்று கணக்கு. அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு கொஞ்சம் அதிகமானாலும் உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்தாகிவிடும். 'வயிறு நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துவிடும், சின்னதாக இருந்தால்தான் சுகப்பிரசவம்' என்று சொல்லிச் சொல்லியே சோற்றைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கிற பிள்ளை படும் பாட்டை அவர்கள் ஒருமுறை அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டில் போய்ப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்தக் குங்குமப்பூ. பிள்ளையின் நிறம் பெற்றோர் வழியாக வருவது, பாலில் கரைத்துக் குடிப்பதால் வராது. இதை எழுதியதற்காக இரண்டு வாசகர்கள் சந்தாவை நிறுத்தினார்கள், இன்றும் அதையேதான் சொல்கிறேன். அந்தக் காசுக்கு நாள்தோறும் முட்டை வாங்கலாம். சைவம் என்றாலும் குறையில்லை, சம்பா அறுவடைக்கு முன்னால் வயல் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்து எடுக்கிற ஊர் நம்முடையது. மூட்டையில் ஏற்றி விற்றது போக வீட்டுக்கு எவ்வளவு வைத்துக்கொள்கிறோம்? கொல்லையில் முருங்கை நிற்கிறது, அந்தக் கீரையையும் 'வாய்வு' என்று தள்ளிவைத்தால் அந்தப் பெண் என்னதான் சாப்பிடுவார்?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை, பிள்ளை கறுத்துவிடும் என்று பரணில் போட்டிருந்தால் இன்றே எடுத்துக் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். காபி, டீயோடு சேர்த்து மட்டும் போடக் கூடாது, அது இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும்.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, பப்பாளிக்காக அம்மாவோடு மல்லுக்கு நிற்கிறீர்கள், சரி. நீங்கள் கை கழுவி எழுந்த பிறகு உங்கள் மனைவி தட்டில் என்ன விழுகிறது என்று என்றைக்காவது பார்த்தீர்களா? இன்று ராத்திரி அவரை முதலில் உட்காரவைத்து நீங்கள் பரிமாறுங்கள், பொரியலை இரண்டு கரண்டியாகவே போடுங்கள்.