சட்டைக் கையில் ஒரு நாடு: கால்பந்தும் அரசுப் பணமும், கேள்வி பதில்

கீழக்கரையிலிருந்து தொண்டி வரைக்கும் கடற்கரை ஊர்களின் கால்பந்து ரசிகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அரசுகள் கால்பந்துக்குள் பணம் கொட்டித் தங்கள் பெயரை விற்பதைப் பற்றியே எல்லாம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கீழக்கரை: காக்கா, ஆர்சனல் சட்டைக் கையில 'விசிட் ருவாண்டா'ன்னு போட்டிருக்காங்க. எங்க நாட்டுக்கு வாங்கன்னு கூப்பிடுறது ஒரு குத்தமா? அதை ஏன் ஸ்போர்ட்ஸ்வாஷிங்னு திட்டுறாங்க?

கூப்பிடுவதில் குற்றமில்லை தம்பி. முதலில் கணக்கைப் பார்ப்போம். 2018 மே மாதம் ருவாண்டா வளர்ச்சி வாரியம் லண்டன் கிளப்பான ஆர்சனலோடு மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு சுமார் 1 கோடி பவுண்டு என்று செய்திகள் வந்தன. அந்த நாட்டின் பெரிய சுற்றுலாச் சரக்கு மலைக் கொரில்லா. ஒரு ஆள் ஒருமுறை போய்ப் பார்க்க அனுமதிச்சீட்டு 1,500 டாலர். 2017-ல்தான் 750-லிருந்து இரட்டிப்பாக்கினார்கள். ஒரு பவுண்டுக்கு 1.3 டாலர் என்று வைத்தால், சட்டைக் கைச் செலவை எடுக்கவே சுமார் 8,700 சீட்டு கூடுதலாக விற்க வேண்டும். அதையும் காட்டைப் பராமரிக்கும் செலவைக் கழிக்காமல் சொல்கிறேன்.

ஆர்சனல் ரசிகர் எல்லாரும் கொரில்லா பார்க்கப் போகமாட்டார்கள் என்பது ருவாண்டாவுக்கும் தெரியும். அவர்கள் குறி மாநாடு நடத்துகிறவர்கள், முதலீட்டாளர்கள், பெரிய போட்டிகளைக் கொடுக்கிற அமைப்புகள். 2025 செப்டம்பரில் உலக சைக்கிள் பந்தயம் கிகாலியில் நடந்தது. ஆப்பிரிக்காவில் அது நடந்தது அதுவே முதல்முறை. இது வரைக்கும் விளம்பரம்.

பிரச்சினை அடுத்த படியில். 2025 ஜனவரியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை கிழக்கு காங்கோவின் கோமா நகரத்தைப் பிடித்தது. அந்தப் படைக்கு ருவாண்டா ராணுவம் துணை நிற்கிறது என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது, ருவாண்டா மறுத்தது. காங்கோவின் வெளியுறவு அமைச்சர், ருவாண்டாவோடு ஒப்பந்தம் வைத்திருந்த ஆர்சனல், பாரிஸின் பிஎஸ்ஜி, ஜெர்மனியின் பேயர்ன் மூன்று கிளப்புக்கும் அதை விடச் சொல்லிக் கடிதம் போட்டார். பேயர்ன் 2025 ஆகஸ்டில் அதை இளைஞர் பயிற்சித் திட்டமாக மாற்றிக்கொண்டது. ஆர்சனல் அந்த நவம்பரில், 2025-26 சீசனோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பிஎஸ்ஜி 2028 வரை நீட்டியது. அட்லெட்டிகோ மாட்ரிட் புதிதாகவே சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு காங்கோவும் மொனாக்கோ, ஏசி மிலான், பார்சிலோனாவோடு ஒப்பந்தம் போட்டது. சண்டை நடக்கும் எல்லைக்கு இருபுறமும் இப்போது சட்டை விளம்பரம்.

ஆள் வரவழைக்கக் கொடுக்கிற காசு விளம்பரம். 'அந்த நாட்டில் என்ன நடக்கிறது' என்ற பேச்சு எழும் இடத்தில் கோல் பேச்சை வைக்கக் கொடுக்கிற காசு வெள்ளையடிப்பு, அதுதான் ஸ்போர்ட்ஸ்வாஷிங். ஒரே ஒப்பந்தத்தில் இரண்டும் கலந்தே இருக்கும். அதனால்தான் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

பாம்பன்: அண்ணே, ரெண்டு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறேன். இப்படிச் சட்டையில பேர் போட்டா நெசமாவே ஆள் வருதா? அதை எப்படி அளக்குறாங்க?

பெரும்பாலும் அளப்பதே இல்லை. 'ஊடக மதிப்பு' என்று ஒரு எண் சொல்வார்கள். ஒளிபரப்பில் பெயர் எத்தனை நொடி தெளிவாகத் தெரிந்தது என்று மென்பொருள் எண்ணும். அந்த நொடிகளை அதே நேரத்து விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, எழுத்து சின்னதாக இருந்தால் கொஞ்சம் கழிப்பார்கள். கோடிக்கணக்கில் ஒரு தொகை வரும். பார்த்தவர் டிக்கெட் போட்டாரா என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் கிடையாது.

சரியாக அளக்க மூன்று வேண்டும்: எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர், எத்தனை இரவு, எவ்வளவு செலவு. ஒப்பந்தத்துக்கு முன் மூன்று ஆண்டு, பின் மூன்று ஆண்டு. கொரோனா ஆண்டுகளான 2020, 2021 இரண்டையும் தள்ளிவிட வேண்டும். அவற்றைச் சேர்த்தால் எந்த விளம்பரமும் பிற்பாடு வெற்றிதான். அந்த கிளப்பை அதிகம் பார்க்கும் நாட்டு வருகை, பார்க்காத நாட்டு வருகையைவிட வேகமாகக் கூடியதா என்பதே கடைசிச் சோதனை.

உங்கள் கதை வேறு. ராமேஸ்வரத்துக்குப் பேர் பஞ்சமே இல்லை. வருகிறவர் 22 தீர்த்தம் ஆடி, தனுஷ்கோடி பார்த்து, அன்று ராத்திரியே ரயிலோ பஸ்ஸோ ஏறுகிறார். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது இரவு. பதிவேட்டில் இரண்டு பத்தி கூடப் போடுங்கள்: 'யார் சொல்லி வந்தீர்கள்', 'நாளைக்கு எங்கே போகிறீர்கள்'. நூறு விருந்தினர் ஆனதும் எண்ணிப் பாருங்கள். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகோ, காரங்காட்டு அலையாத்திக் காடோ, கைட் சர்ஃபிங்கோ எது ஆளை நிறுத்துகிறது என்பது அதில் தெரிந்துவிடும். காற்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பக்கம் மாறும். தென்கடல் எப்போது, வடகடல் எப்போது என்று முன்கூட்டியே சொல்கிறவரிடம்தான் சர்ஃபிங்காரர்கள் திரும்ப வருவார்கள்.

பெரியபட்டினம்: கத்தார்ல ரெண்டு வருசம் கம்பி கட்டுற வேலை பாத்தேன். உலகக் கோப்பையால எங்களுக்கு எதாச்சும் நல்லது நடந்துச்சா, இல்ல எல்லாம் வேஷமா? இப்ப தம்பி சவூதி கிளம்புறான்.

வேஷம் என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. 2010 டிசம்பரில் போட்டி கிடைத்தபோது கத்தாரில் கஃபாலா முறை முழு பலத்தோடு இருந்தது: கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது, நாட்டை விட்டு வெளியே போகவும் அனுமதி வேண்டும். வெளியே போகும் அனுமதி 2018-ல் பெரும்பாலோருக்கும், 2020-ல் வீட்டுவேலை செய்வோருக்கும் எடுக்கப்பட்டது. 2020-ல் வேலை மாற முதலாளியின் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) தேவையில்லை என்று சட்டம் வந்தது. 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 கூடுதல். கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் இது நடந்திருக்காது. ஆனால் சட்டம் இருந்தும், வேலை மாறக் கேட்டவர் மீது 'ஓடிப்போனார்' என்று பொய்ப்புகார் கொடுப்பது நிற்கவில்லை.

சாவு எண்ணிக்கையில்தான் பெரிய குழப்பம். 2021-ல் கார்டியன் பத்திரிகை சொன்ன 6,500, ஐந்து தெற்காசிய நாட்டினர் பத்து ஆண்டில் எல்லாக் காரணத்தாலும் இறந்த கணக்கு. மைதானத்தில் மட்டும் இறந்தவர்கள் அல்ல. அமைப்பாளர்கள் சொன்ன 3, மைதானக் கட்டுமானத்தில் 'வேலை விபத்து' என்று அவர்களே ஒப்புக்கொண்டவை மட்டும். 2022 நவம்பரில் அமைப்புக் குழுவின் தலைமைச் செயலாளர் ஹசன் அல் தவாடி, போட்டியை ஒட்டிய எல்லா வேலைகளுக்கும் சேர்த்து 400-க்கும் 500-க்கும் இடையில் என்றார். மூன்று எண்ணும் மூன்று வேறு கேள்விக்கான விடை. இதில் குடும்பத்துக்கு வலிப்பது இன்னொன்று: இளவயதுக்காரர் தூக்கத்தில் இறந்தால் 'இயற்கை மரணம்', 'மாரடைப்பு' என்று எழுதி, உடற்கூறு ஆய்வில்லாமல் அனுப்பிவிடுவார்கள். வேலை காரணம் என்று காகிதத்தில் இல்லையென்றால் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை. வெயிலில் உழைத்ததைச் சொல்ல அந்தச் சான்றிதழில் இடமே கிடையாது.

தம்பிக்கு: 2034 உலகக் கோப்பை 2024 டிசம்பர் 11-ல் சவூதிக்குக் கொடுக்கப்பட்டது. 5 நகரம், 15 மைதானம். கட்டுமான ஆள் நிறையத் தேவைப்படும். இசிஆர் (குடியேற்ற அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட் என்றால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தள அனுமதி இல்லாமல் விமானம் ஏறக்கூடாது. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400. ரசீது கேளுங்கள். பிரவாசி பாரதிய பீமா காப்பீடு எடுங்கள். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். போனதும் சவூதி அரசின் 'கிவா' தளத்தில் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா, ஊரில் கையெழுத்துப் போட்ட அதே சம்பளம்தான் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் மாறுவதுதான் அடிக்கடி நடக்கும் மோசடி. ஒப்பந்தம், இகாமா (தங்கும் அனுமதி அட்டை), மாதாமாதம் பேங்க் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போனைப் பிடுங்கிவிட்டால் நகல் உங்களிடம் இருக்கும்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: சார், கிளப்புகள் வருமானத்துக்கு மேல செலவு பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கே. அப்புறம் அரசுப் பணம் எப்படி உள்ளே போகுது?

உரிமையாளர் நேராகப் பணம் கொட்டினால் அது வருமானமாகாது. அதனால் அதே அரசின் இன்னொரு நிறுவனம் 'ஸ்பான்சர்' ஆகிறது. தெளிவான உதாரணம் பிஎஸ்ஜி. 2011-ல் கத்தார் அரசின் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. கத்தார் சுற்றுலா ஆணையம் ஆண்டுக்கு 20 கோடி யூரோ வரை தருவதாகக் கணக்கில் காட்டினார்கள். சந்தை விலைக்கு இது பொருந்தாது என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ 2014-ல் அதைப் பாதியாக மதிப்பிட்டு, 6 கோடி யூரோ அபராதம் போட்டது. அதில் 4 கோடி நிறுத்திவைக்கப்பட்டது. சுற்றுலா விளம்பரத்தின் உண்மையான வேலை எது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நீங்களே துழாவலாம். இங்கிலாந்து கிளப்புகளின் ஆண்டுக் கணக்கு கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் இலவசம். வணிக வருமானம் மொத்தத்தில் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு கடைசிப் பக்கங்களில் 'தொடர்புடைய தரப்பினர்' என்ற குறிப்பு. சில ஸ்பான்சர்கள் அதில் வரமாட்டார்கள்; அப்போது ஸ்பான்சர் நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்று தேடுங்கள். நியூகாசில் கிளப்பை 2021 அக்டோபரில் சவூதி அரசின் முதலீட்டு நிதியான பிஐஎஃப் 80 சதவீதம் வாங்கியது; 2023-லிருந்து நெஞ்சில் வரும் 'சேலா'வும் பிஐஎஃப்-இன் நிறுவனமே. அந்த விற்பனை முடிந்த கையோடு, டிசம்பரிலேயே, இத்தகைய ஒப்பந்தம் நியாயமான சந்தை விலையில் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் விதி போட்டது. அபுதாபிப் பணத்தில் ஓடும் மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் வந்த நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் ஸ்பான்சர் வருமானத்தைச் சரியாகக் காட்டினார்களா என்பதும் ஒன்று.

தொண்டி: எழுவர் கால்பந்துப் போட்டி நடத்துறோம். ஒரு கம்பெனி ஒன்றரை லட்சம் தர்றேங்குது. போட்டிக்கே அவங்க பேரு, 'எங்களைப் பத்தித் தப்பாப் பேசக்கூடாது'ன்னு ஒரு வரி. அந்தக் கம்பெனி இறால் பண்ணைத் தண்ணியைப் பத்தி ஊர்ல தகராறு இருக்கு. வாங்கலாமா?

வாங்குங்கள், அந்த ஒரு வரியை அடித்துவிட்டு. மெஸ்ஸி சவூதி சுற்றுலாத் தூதரானபோது போட்ட ஒப்பந்தத்தை நியூயார்க் டைம்ஸ் 2023-ல் வெளியிட்டது. குடும்பத்தோடு விடுமுறைக்குப் போவது, பதிவு போடுவது எல்லாம் இருந்தது. நாட்டின் பெயருக்குக் களங்கம் வரும்படி எதையும் சொல்லக்கூடாது என்பதும் இருந்தது. தொண்டிக்கு வந்திருப்பது அதன் சின்னப் பிரதி.

ஒரு தாளில் எழுதுங்கள். பெயர் எங்கே, எத்தனை அங்குலம். பாதிப் பணம் ஜெர்சி அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், மீதி அரையிறுதிக்கு முன். கோப்பை கொடுத்த பிறகு தருகிறோம் என்றால் வராது. மழையால் தள்ளிப்போனால் புதுத் தேதி, பணம் திரும்பாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள ஆட்டக்காரர் படத்தை விளம்பரத்தில் போடப் பெற்றோர் கையெழுத்து. போட்டியைப் பற்றி இருதரப்பும் பொய் சொல்லக்கூடாது என்று எழுதலாம். கம்பெனியின் தொழிலைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று எழுதக்கூடாது. கமிட்டியில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் அது ஐந்து பேரைத்தான் கட்டும். ஊர்ச் சனத்தின் வாயை நீங்கள் எழுதிக்கொடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர்கள் வாங்க வந்தது போட்டியை அல்ல.

மறுக்க முடியும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2023 பெண்கள் உலகக் கோப்பைக்குச் சவூதி சுற்றுலாவின் 'விசிட் சவூதி' ஸ்பான்சர் என்று பேச்சு வந்தது. போட்டியை நடத்திய ஆஸ்திரேலிய, நியூசிலாந்து சங்கங்கள் எதிர்த்தன. மார்ச்சில் ஃபிஃபா தலைவரே அது இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

மண்டபம்: ஒடிசா அரசு ஹாக்கி அணிக்குப் பணம் கொடுக்குதே, அதுவும் இதானே?

பாதி. 2018-லிருந்து இந்திய ஹாக்கி அணிகளின் சட்டையில் ஒடிசா இருக்கிறது. 2018, 2023 உலகக் கோப்பைகளும் அங்கேதான். சுற்றுலா விளம்பரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் செலவைச் சட்டமன்றத்தில் கேட்கலாம், பத்திரிகை எழுதலாம். 2024-ல் அந்த அரசு தேர்தலில் தோற்றது, ஸ்பான்சர் தொடர்ந்தது. சட்டை விளம்பரம் ஆட்சியைக் காப்பாற்றவில்லை. கத்தாரிலோ சவூதியிலோ அந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லை. இருந்தாலும், பாம்பன்காரருக்குச் சொன்ன மூன்று கணக்கை ஒடிசாவிடமும் கேட்கலாம். நம் அரசிடமும் கேட்கலாம்.

ஏர்வாடி: இது வளைகுடா வந்தப்புறம் வந்த பழக்கமா?

இல்லை. 1934 உலகக் கோப்பை முசோலினியின் இத்தாலியில். 1978-ல் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி, ஆட்களைக் கடத்திச் சித்திரவதை செய்த கடற்படைப் பள்ளிக்குப் பக்கத்து மைதானத்தில் இறுதிப் போட்டியை நடத்தியது. 'ஸ்போர்ட்ஸ்வாஷிங்' என்ற சொல்தான் புதிது, 2015 பாகு ஐரோப்பிய விளையாட்டின் போதுதான் பரவியது. அதற்கு முன்பே அட்லெட்டிகோ சட்டையில் 'அசர்பைஜான், நெருப்பின் நாடு' என்று வந்தாயிற்று.

ராமேஸ்வரம்: நான் சிட்டி ரசிகன். ஆட்டத்தை விட்டுடணுமா? ஜெர்சி வாங்கலாமா?

ஆட்டத்தை ஏன் விட வேண்டும்? டி புரூய்னா போட்ட பாஸுக்கும் அபுதாபி முதலீட்டுக்கும் ஒரே கையைத் தட்ட வேண்டியதில்லை. ஜெர்சி விஷயத்தில் ஒன்று மட்டும்: பஸ் ஸ்டாண்டுக் கடையில் 300 ரூபாய்க்கு வாங்குவது போலி, கிளப்புக்கு ஒரு காசும் போகாது. ஆனால் நெஞ்சில் அபுதாபி விமான நிறுவனமான 'எத்திஹாட்' அப்படியேதான் இருக்கும்; அதை அக்னி தீர்த்தம் வரை சும்மா சுமந்து காட்டுவது நீங்கள்தான்.